கிரிப்பில் விழுந்தவர் எழும்புவது எப்படி?

யார் கடன் எடுத்தார், ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று பதிந்துவைக்கும் பணியகத்தை இலங்கையில் 'கிரிப்' (CRIB) என்போம். கிழக்கில், எங்கள் பக்கத்தில், இந்தச் சொல்லைத் தனியாகக் கேட்பது அரிது. பின்னால் 'விழுதல்' ஒட்டிக்கொண்டே வரும். "அவன் கிரிப்பில விழுந்திட்டான்." "கிரிப்பில பேர் விழுந்தா பிறகு ஒரு லோனும் இல்ல." களுவாஞ்சிகுடிச் சந்தையில் கேட்கலாம், கல்முனையில், தவணைக்கு வாகனம் கொடுக்கும் லீசிங் கந்தோர் வாசலிலும் கேட்கலாம். கிணற்றில் விழுந்தவனைப் பற்றிப் பேசுகிற அதே தொனி. மேலேயிருந்து யாராவது கயிறு போட்டால்தான் உண்டு.

நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். படிப்புக்காக எடுத்த கடனில் ஏழு தவணை தவறிப்போனது. அதன்பிறகு வங்கியின் தொலைபேசி எண்ணைக் கண்டாலே போனைத் தலையணைக்குக் கீழே வைத்துவிடுவேன். 2023இல் வேலைக்குப் போய்வர ஒரு மோட்டார் சைக்கிள் தேவைப்பட்டு லீசிங் கேட்கப் போனேன். அங்கிருந்த உத்தியோகத்தர் அடையாள அட்டை எண்ணைத் தட்டினார், திரையைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தி, "தம்பி, உங்கட பேரில ஒண்டு கிடக்கு" என்றார். என்ன கிடக்கிறது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தேன்.

கேட்டிருக்க வேண்டும். எழும்புகிற வேலை அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

கடைக்காரரின் நீள்கொப்பி

கிரிப்பின் முழுப்பெயர் இலங்கை கொடுகடன் தகவல் பணியகம். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. மத்திய வங்கியும் கடன் கொடுக்கும் நிறுவனங்களும் இதன் பங்குதாரர்கள். அனுமதிப்பத்திரம் உள்ள வங்கிகள், நிதிக் கம்பனிகள், லீசிங் கம்பனிகள் எல்லாம் தாங்கள் யாருக்கு எவ்வளவு கடன் கொடுத்தோம், அவர் ஒழுங்காகக் கட்டுகிறாரா என்ற விபரத்தை மாதாமாதம் இதற்கு அனுப்புகின்றன. புதிதாக ஒருவர் கடன் கேட்டு வந்தால் அந்த விபரத்தை எடுத்துப் பார்க்கின்றன. கிரிப்பின் வேலை அவ்வளவுதான்.

சிறு வயதில் எங்கள் தெருமுனைக் கடையில் ஒரு நீள்கொப்பி இருந்தது. அரிசி, சீனி, தேயிலை என்று அம்மா கடனுக்கு வாங்கியதெல்லாம் அதில் ஏறும். காசு வந்ததும் போய்க் கணக்கை முடித்தால், கடைக்காரர் அந்த வரிகளுக்குக் குறுக்கே பேனையால் ஒரு கோடு இழுப்பார். தாளைக் கிழிக்க மாட்டார். கோட்டுக்கு அடியில் எழுத்து தெரிந்துகொண்டே இருக்கும். போன வருடம் இந்த வீட்டார் எத்தனை நாள் பிந்திக் கொடுத்தார்கள் என்பதைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். கிரிப்பும் ஒரு நீள்கொப்பி. ஊரிலுள்ள எல்லாக் கடைகளுக்கும் பொதுவாக ஒரே கொப்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதைப் புரிந்துகொண்டால் இரண்டு பயங்கள் போய்விடும். கருப்புப் பட்டியல் என்று தனியாக ஒன்று இருக்கிறது என்பது முதலாவது பயம். அப்படி ஒன்று இல்லை. வங்கியில் கடன் எடுத்த எல்லாருடைய பெயரும் இந்தக் கொப்பியில் இருக்கும். ஒழுங்காகக் கட்டுகிற ஆசிரியை, பாதியில் விட்ட முதலாளி, பிணை நின்ற அப்பா எல்லாரும் அடக்கம். ஒருவர் 'கிரிப்பில் இல்லை' என்றால் பெரும்பாலும் அவர் இப்படிப்பட்ட நிறுவனங்களில் கடனே எடுத்ததில்லை என்றுதான் அர்த்தம். அவரை நம்பலாமா கூடாதா என்று சொல்ல வங்கிக்குக் கையில் எதுவும் இருக்காது. அதுவும் அவருக்கு ஒரு சங்கடம்தான்.

இரண்டாவது பயம், கிரிப் நம் கடனை மறுத்துவிடும் என்பது. கிரிப் யாருக்கும் கடன் கொடுப்பதுமில்லை, மறுப்பதுமில்லை. முடிவெடுப்பது வங்கி. ஒரே ரிப்போர்ட்டைப் பார்த்து ஒரு நிறுவனம் கையை விரிக்கும், இன்னொன்று கூடுதல் பிணை கேட்டுக்கொண்டு கொடுக்கும்.

இந்த விபரங்களிலிருந்து ஒரு புள்ளியும் கணிக்கப்படுகிறது. 250இலிருந்து 900 வரை. கூடினால் நல்லது. தவணைகளை நேரத்துக்குக் கட்டினீர்களா, இப்போது எவ்வளவு கடன் தலையில் இருக்கிறது, எவ்வளவு காலமாகக் கடன் கையாள்கிறீர்கள், அண்மையில் எத்தனை இடத்தில் புதுக்கடன் கேட்டு அலைந்தீர்கள் போன்றவற்றைக் கொண்டுதான் இப்படிப்பட்ட புள்ளிகளைப் போடுவது. புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்கச் சொல்ல மாட்டேன். வரிகள் சரியானால் புள்ளி தானாக அசையும்.

கொப்பியில் ஏறாதவையும் உண்டு. சீட்டு, நாள் வட்டி, அயலவரிடம் வாங்கிய கைமாற்று, கடைக்கடன் எதுவும் இதில் வராது. அதனால் அவற்றை எவ்வளவு நேர்மையாக அடைத்தாலும் கிரிப்பில் உங்கள் பெயருக்கு ஒரு நன்மையும் இல்லை. இது நியாயமா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். பத்து வருடம் ஒரு நாள் தவறாமல் சீட்டுக் கட்டிய மாமிக்கு வங்கியில் ஒரு மதிப்பும் கிடையாது. இன்னொன்று: காத்தான்குடியிலும் சம்மாந்துறையிலும் நண்பர்கள் கேட்பதுண்டு, வட்டியில்லாத இஸ்லாமிய முறையில் எடுத்ததும் இதில் வருமா என்று. அனுமதி பெற்ற நிறுவனத்தில் எடுத்திருந்தால் வரும். முராபஹா (இலாபம் வைத்து விற்பது) என்றாலும் இஜாரா (வாடகைக்கு விடுவது) என்றாலும் தவணை தவணைதான்.

படிப்புக் கடன் ஏன் சறுக்குகிறது

வந்தாறுமூலைக்கோ ஒலுவிலுக்கோ அரச பல்கலைக்கழக அனுமதி கிடைத்தவர்களுக்குக் கல்விக் கட்டணம் இல்லை. விடுதி, சாப்பாடு, போக்குவரத்து என்று கையைக் கடித்தாலும், பெரிய கடனில் மாட்டுவது குறைவு. உயர்தரத்தில் சித்தியடைந்தும் பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி போதாமல் போனவர்கள்தான் படிப்புக்காகக் கடனாளி ஆகிறவர்கள். 2017இல் அரசாங்கம் தொடங்கிய வட்டியில்லா மாணவர் கடன் இவர்களுக்காகத்தான். அங்கீகரித்த தனியார் உயர்கல்வி நிறுவனங்களில் பட்டம் படிக்கலாம். வட்டியை அரசு ஏற்கும். படிப்பு முடிந்து ஒரு சலுகைக் காலத்துக்குப் பிறகு முதல் தொகையைக் கட்டத் தொடங்க வேண்டும். வட்டியில்லை என்ற சொல்லே இங்கே ஒரு பொறி. சும்மா கிடைத்த காசு என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். சலுகைக் காலம் எப்போது முடிகிறது என்று குறித்து வைப்பதில்லை. வேலை கிடைக்காமல் இருக்கும்போதே முதல் தவணை வந்து கதவைத் தட்டும்.

அந்தத் திட்டத்துக்குள் வராதவர்கள் சாதாரண வங்கிக் கடன் எடுக்கிறார்கள். நான் இந்த வகை. கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் 2018 தொடக்கம் 2021 வரை படித்தேன். அப்பாவின் வயல் வருமானம் போதாததால் ஒரு வங்கியில் கல்விக் கடன். மாமா பிணை நின்றார். கடன் பத்திரத்தில் 'மாறும் வட்டி வீதம்' என்று ஒரு வரி இருந்தது. நாங்கள் மூவருமே அதை வாசித்தோம். ஏறும், இறங்கும், ஒரு வீதம் இரண்டு வீதம் மாறும் என்று நினைத்தோம்.

2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. வங்கிகளின் கடன் வட்டி அதன் பின்னால் ஓடியது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 8 இலட்சம் ரூபாக் கடனுக்கு ஆண்டு வட்டி 12 சதவீதமாக இருந்தால் முதல் மாத வட்டி மட்டும் 8,000 ரூபா. அதுவே 27 சதவீதமானால் 18,000. முதல் தொகையில் ஒரு சதமும் குறையாமலே மாதம் 10,000 ரூபா மேலதிகம். அரிசியும் பெற்றோலும் எரிவாயுவும் ஏறிய அதே மாதங்களில். நான் வேலை செய்த கம்பனி அந்த வருட நடுப்பகுதியில் ஆட்குறைப்புச் செய்தது. சரி, பிறகு நடந்ததைச் சொல்லத் தேவையில்லை.

எங்கள் மாவட்டங்களுக்கே உரிய இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அதைப் பற்றி வங்கிக்காரர்களும் பேசுவதில்லை, நாங்களும் பேசுவதில்லை. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வயலை நம்பிய வீட்டுக்குக் காசு வருவது வருடத்தில் இரண்டு தடவை. பெரும்போகம் வெட்டும்போது ஒன்று, சிறுபோகம் வெட்டும்போது இன்னொன்று. கடலுக்குப் போகிற வீட்டுக்கு வாடைக் காற்றுக் காலத்தில் அடுப்பே ஒழுங்காக எரியாது. தவணையோ மாதத்துக்கு ஒன்று. பிள்ளைக்கு வேலை கிடைக்கும்வரை அப்பா கட்டுவார் என்றுதான் பெரும்பாலான வீடுகளில் ஏற்பாடு. அப்பாவிடம் மாசி, பங்குனியில் காசு இருக்கும். ஐப்பசியில் உர மூட்டைக்கே கடன் வாங்குவார். கட்ட மனமில்லாமல் தவறுவதை விட, இந்தக் கால இடைவெளியால் தவறுவதைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன். இதற்கு நான் பிறகு கண்டுபிடித்த வழி மிகச் சாதாரணமானது. அறுவடைக் காசு வந்த கிழமையே ஆறு மாதத் தவணையைத் தனிச் சேமிப்புக் கணக்கில் போட்டுவிட்டு, அங்கிருந்து மாதாமாதம் கடன் கணக்குக்குப் போக ஸ்டாண்டிங் ஓடர் கொடுத்துவிடுவது. அந்தக் கணக்குக்கு ஏரிஎம் அட்டை எடுக்காமல் இருப்பது இன்னும் நல்லது.

வரிசையில் முன்னால் நிற்கும் தவணை

தொடக்கக்காரர்கள் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இது. எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

மூன்று தவணை தவறிவிட்டது என்று வையுங்கள். தை, மாசி, பங்குனி. சித்திரையில் வேலை கிடைக்கிறது. அன்றிலிருந்து ஒரு மாதமும் தவறாமல் கட்டுகிறீர்கள். மார்கழியில் கேட்டால், 'ஒன்பது மாதமாக ஒழுங்காகக் கட்டுகிறேன்' என்பீர்கள். வங்கியின் கணக்கில் நீங்கள் மார்கழியிலும் மூன்று தவணை பின்னால்தான் நிற்கிறீர்கள்.

2022இன் பெற்றோல் வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் வந்தவருக்கு முதலில் அடிக்க மாட்டார்கள். அதுபோல நீங்கள் சித்திரையில் கட்டும் காசு சித்திரைத் தவணைக்குப் போகாது. வரிசையின் முன்னால் நிற்கும் தைத் தவணைக்குப் போகும். வைகாசியில் கட்டுவது மாசிக்கு. இப்படியே ஒன்பது தடவை கட்டினால் தை தொடக்கம் புரட்டாதி வரை தீரும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி நிற்கும். போதாக்குறைக்கு, பிந்தியதற்கான அபராத வட்டி பெரும்பாலும் முதலில் கழிக்கப்படும். அதனால் சில மாதங்களில் நீங்கள் கட்டியது முழுத் தவணைக்கே போதாமல் போகும்.

பிந்திய நாட்களை எண்ணுவது மிகப் பழைய நிலுவைத் தவணையிலிருந்துதான். 90 நாளைத் தாண்டினால் வங்கி அதைச் செயற்படாக் கடன் என்ற கூடைக்குள் போடும். கிரிப் ரிப்போர்ட்டில் வலிப்பது இந்த நாட்கணக்கு. ஆகவே நிலுவை இருக்கும்போது மாதத் தவணையை மட்டும் கட்டிக்கொண்டிருப்பது, ஓடுகிற படியில் எதிர்ப்பக்கமாக நடப்பதற்குச் சமம். எப்படியாவது அந்தப் பழைய மூன்றையும் தனியாகத் தூக்கி எடுக்க வேண்டும். மேலதிகமாக மாதம் 3,000 ரூபா என்றாலும் பரவாயில்லை. கட்டும்போது, 'இதோடு நிலுவை எத்தனை நாளுக்கு இறங்கும்?' என்று கவுண்டரில் கேளுங்கள். 'எவ்வளவு கட்ட வேண்டும்' என்பதை விட அது பயனுள்ள கேள்வி.

கொவிட் காலத்துச் சலுகையைப் பற்றியும் ஒரு சொல். தவணையை ஒத்திவைத்ததைப் பலர் தள்ளுபடி என்று எடுத்துக்கொண்டார்கள். ஒத்திவைத்த காலத்துக்கும் வட்டி சேர்ந்தது. சலுகை முடிந்தபோது தவணை ஏன் கூடியது என்று சண்டை பிடித்தவர்களில் நானும் ஒருவன்.

முதலில் ரிப்போர்ட்

உங்கள் ரிப்போர்ட்டை நீங்களே எடுக்கலாம். கிரிப்பின் இணையத்தளம் ஊடாக விண்ணப்பிக்கலாம். சில வங்கிகளின் கிளைகள் ஊடாகவும் எடுத்துத் தருகிறார்கள். எங்கள் ஊர்க் கிளையில் உண்டா என்று போன் எடுத்துக் கேட்டுவிட்டுப் போவது நல்லது. இதற்காகக் கொழும்புக்கு இரவு பஸ் ஏறத் தேவையில்லை. சிறு கட்டணம் உண்டு. நீங்களே உங்கள் ரிப்போர்ட்டைப் பார்ப்பதால் புள்ளி குறையாது.

கையில் கிடைத்ததும் முதலில் பார்க்க வேண்டியது பெயரும் அடையாள அட்டை எண்ணும். இது எங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு வங்கி ஒரு மாதிரி எழுதும், இன்னொன்று வேறு மாதிரி. அப்பாவின் பெயர் ஓரிடத்தில் முதலெழுத்தாக இருக்கும், இன்னோரிடத்தில் முழுதாக இருக்கும். அடையாள அட்டை எண்ணிலும் பழையது ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும், புதியது பன்னிரண்டு இலக்கம். ஓரிடத்தில் பழையதையும் இன்னோரிடத்தில் புதியதையும் கொடுத்தவர்கள், எல்லாக் கடனும் ஒரே ரிப்போர்ட்டில் சரியாக வந்திருக்கிறதா, தங்களுடையது அல்லாதது ஏதும் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பிறகு வரிவரியாகப் போங்கள். என் ரிப்போர்ட்டில் நான் எதிர்பார்த்த கல்விக் கடன் இருந்தது. எதிர்பாராத இன்னொன்றும் இருந்தது: படிக்கும் காலத்தில் ஒரு நிதிக் கம்பனியில் தவணைக்கு எடுத்த மடிக்கணினி. அதை முடித்து ஒன்றரை வருடம். ஆனாலும் 4,200 ரூபா நிலுவை என்று இருந்தது. கடைசித் தவணை சில நாள் பிந்தியதற்கு ஒரு கட்டணம் போட்டிருக்கிறார்கள், அதற்கு மேல் கட்டணம், அதற்கும் மேல் கட்டணம். எனக்கு ஒரு கடிதமும் வரவில்லை. கல்முனையில் லீசிங் கந்தோர்த் திரையில் 'கிடந்தது' எது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இந்தச் சில்லறையாகவும் இருக்கலாம்.

பிழை இருந்தால் எங்கே போவது? கிரிப்புக்கு முறையிடலாம், ஆனால் கிரிப் தானாக ஒரு வரியையும் மாற்றாது. தகவலை அனுப்பிய நிறுவனம்தான் திருத்தி அனுப்ப வேண்டும். அதனால் அந்த நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிடுங்கள். கொடுத்த கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். என் விடயத்தில் அவர்கள் கட்டணத்தை விட்டுக்கொடுத்து, கணக்கு முடிந்தது என்று கடிதம் தந்தார்கள். ரிப்போர்ட்டில் அது தெரிய மேலும் இரண்டு மாதம் எடுத்தது. தகவல் மாதாமாதம்தான் போகிறது என்பதால் இப்படிப் பிந்துவது வழமை. அந்த இடைவெளியில் புதுக்கடன் கேட்டால் கடிதத்தையும் கொண்டு போங்கள். நிறுவனம் காதில் போட்டுக்கொள்ளாவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்கு 1935 என்ற இலக்கத்தில் சொல்லலாம்.

"கிரிப்பில இருந்து பேர எடுத்துத் தாறன்" என்று காசு கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். சரியான தகவலை யாராலும் எடுக்க முடியாது. பிழையான தகவலை நீங்களே இலவசமாகத் திருத்தலாம். அந்தக் காசை நிலுவைக்குக் கட்டுங்கள்.

வங்கி வாசல்

இனி, உண்மையான கடன். அதற்குக் குறுக்குவழி கிடையாது, முகாமையாளர் முன்னால் போய் இருக்கத்தான் வேண்டும். நான் போகும்போது ஒரு தாள் கொண்டுபோனேன். இப்போதைய சம்பளம், வீட்டுச் செலவு, மாதம் என்னால் கட்டக்கூடியது, ஏன் தவறியது. கெஞ்சவும் இல்லை, கத்தவும் இல்லை. அவர் அந்தத் தாளைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

வழிகள் பெரும்பாலும் மூன்று. நிலுவையை ஒரேயடியாகக் கட்டிக் கடனை ஒழுங்குக்குக் கொண்டுவருவது எல்லாவற்றிலும் நல்லது. அது முடியாவிட்டால் மறுஅட்டவணை: நிலுவையையும் மீதியையும் சேர்த்துக் காலத்தை நீட்டி, புதிய தவணை போடுவது. மொத்த வட்டி கூடும், மறுஅட்டவணை செய்த விடயமும் பதிவில் இருக்கலாம், ஆனால் நாட்கணக்கு ஓடுவது நிற்கும். நான் எடுத்தது இதைத்தான். மூன்றாவது, வட்டியில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து ஒரே தொகையில் முடிப்பது. கையில் காசு உள்ளவருக்கு நல்லது. ஆனால் ரிப்போர்ட்டில் அது எப்படிக் காட்டப்படும் என்று கையெழுத்துக்கு முன்பே கேட்டு, எழுத்தில் வாங்க வேண்டும். வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். இன்றிருக்கும் முகாமையாளர் அடுத்த வருடம் வேறு கிளைக்கு மாறிப் போய்விடுவார்.

நிலுவையை அடைக்கக் கிழமைக் கடன் எடுக்காதீர்கள். போனில் ஐந்து நிமிடத்தில் காசு தருகிற செயலிகள் பக்கமும் போக வேண்டாம். எங்கள் ஊர்களில் நுண்கடனை அடைக்க இன்னொரு நுண்கடன் எடுத்த பெண்கள் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். வீட்டில் நகை இருந்து, மீட்கும் திகதியும் மீட்பதற்கான வழியும் தெளிவாக இருந்தால், அடகு வைப்பது அவற்றை விட மேல் என்பது என் எண்ணம். அம்மாவின் காப்பை வைத்தபோது நான் திகதியைச் சுவரில் எழுதி ஒட்டினேன்.

கீழே எழுதும் புதிய வரிகள்

பழைய வரிக்குக் குறுக்கே கோடு விழுந்துவிட்டது. இப்போது அதன் கீழே நல்ல வரிகள் வேண்டும். கடனே எடுக்காமல் ஒதுங்கி இருந்தால் கொப்பியில் கடைசியாகத் தெரிவது அந்தப் பழைய தவறுதான். இது கடன் பட்டு நொந்தவர்களுக்குப் பிடிக்காத செய்தி, எனக்கும் பிடிக்கவில்லை.

சிறிதாக ஒன்று போதும். நிலையான வைப்பில் கொஞ்சக் காசு போட்டு, அதை ஈடாக வைத்துக் குறைந்த வரம்புள்ள ஒரு கிரெடிட் கார்ட் எடுக்கலாம். வங்கிக்குப் பயமில்லை என்பதால் பழைய பதிவு இருந்தாலும் கிடைக்க வாய்ப்புண்டு. எடுக்க முன் ஒரு கேள்வி: 'இதன் விபரம் கிரிப்புக்குப் போகுமா?' போகாது என்றால் எடுத்து என்ன பயன்? என்னிடம் இருக்கும் கார்டில் மின்சாரப் பட்டியலும் போன் ரீலோடும் மட்டும் போகின்றன. வரம்பில் மூன்றில் ஒன்றைத் தாண்டுவதில்லை. பட்டியல் வந்ததும் முழுத் தொகையும் கட்டிவிடுவேன். 'குறைந்தபட்சத் தொகை' என்று கீழே சின்னதாகப் போட்டிருப்பார்களே, அதைக் கட்டினால் பதிவு கெடாது, ஆனால் வட்டி தின்னும்.

இரண்டு மூன்று இடத்தில் ஒரே மாதத்தில் விண்ணப்பம் போடாதீர்கள். யார் யார் உங்கள் விபரத்தைப் பார்த்தார்கள் என்பதும் பதிவாகிறது. அடுத்தடுத்து நாலு நிறுவனம் பார்த்திருந்தால் ஐந்தாவது நிறுவனம் சந்தேகப்படும்.

எவ்வளவு காலம் எடுக்கும் என்று கேட்பீர்கள். இத்தனை மாதத்தில் இத்தனை புள்ளி ஏறும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். என் அனுபவத்தில் மறுஅட்டவணைக்குப் பிறகு ஒன்றரை வருடம் ஒரு தவணையும் பிந்தாமல் கட்டினேன். முதல் ஆறு மாதம் எதுவும் மாறாதது போலிருந்தது. பிறகு மோட்டார் சைக்கிள் லீசிங் வேறொரு நிறுவனத்தில் சரிவந்தது, கூடுதல் முற்பணத்தோடு.

மாமா

நான் தவறவிட்ட ஏழு தவணையும் என் பெயரில் மட்டும் ஏறவில்லை. பிணை நின்றவரின் ரிப்போர்ட்டிலும் அந்தக் கடன் வரும். கடனாளி கட்டாவிட்டால் வங்கி அவரிடம் கேட்கும். வழக்கு என்று வந்தால் அவர் பெயரும் அதில் இருக்கும். கட்டாரிலோ சவூதியிலோ வேலை கிடைத்துப் பறந்தவர்களின் கடிதங்கள் திருக்கோவிலிலும் செங்கலடியிலும் பிணை நின்றவர்களின் வீட்டுப் படலையில்தான் வந்து விழுகின்றன.

மாமா 2022 பெரும்போகத்துக்கு ஒரு லாண்ட்மாஸ்டர் (இருசில்லு உழவு இயந்திரம்) எடுக்கக் கடனுக்கு விண்ணப்பித்திருந்தார். கிடைக்கவில்லை. ஏன் என்று அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் அவர் ஒருநாளும் சொல்லவில்லை. ஒரு வருடம் கழித்து மாமி வாய்தவறிச் சொல்லித்தான் தெரியும். அந்தப் போகம் முழுக்க வாடகைக்கு உழுதிருக்கிறார். வங்கியின் போனைத் தலையணைக்குக் கீழே வைத்ததற்கு நான் இன்றும் வெட்கப்படுவது இதனால்தான். முதல் தவணை தவறும் என்று தெரிந்த அன்றே வங்கிக்கும் மாமாவுக்கும் சொல்லியிருந்தால், நாட்கணக்கு 90ஐத் தொட முன்பே ஏதாவது செய்திருக்கலாம்.

போன வருடம் மாமா வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு படிவம்.

"மருமகன், ஒரு கையெழுத்து வேணும். லாண்ட்மாஸ்டருக்குத்தான்."

"எவ்வளவு மாமா? எத்தின வருசம்? வட்டி ஒரே மாதிரியா, மாறுமா? உங்கட ரிப்போர்ட்ட ஒருக்கா எடுத்துப் பாத்தீங்களா?"

மாமா சிரித்தார். கூட வந்திருந்த மாமி, "இவன் வங்கிக்காரன விட மோசம்" என்றார்.

ரிப்போர்ட் எடுத்தோம். பத்திரத்தை மூவரும் இருந்து வாசித்தோம், மாறும் வட்டியா என்று இரண்டு தடவை பார்த்தோம். பிறகு கையெழுத்துப் போட்டேன். தவணை 10ஆம் திகதி. ஒவ்வொரு மாதமும் 9ஆம் திகதி காலையில் மாமாவுக்கு ஒரு மிஸ்ட் கோல் கொடுக்கிறேன். அவர் திருப்பி ஒன்று கொடுத்தால் கட்டியாகிவிட்டது.